எர்லிண்டா வீட்டு வரப்பு

பாலைவன ஊரான ஃபீனிக்ஸில் குளிர் விட்டு, ஆரஞ்சுப் பூவின் வாசனை தெருவுக்கு வந்துவிட்டால் எர்லிண்டா புஸ்தமாந்தே மண்வெட்டியை எடுத்துவிடுவாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலை நடைக்கும் மதிய நடைக்கும் நடுவில் கிடைக்கும் பொழுதெல்லாம் இந்த வருஷம் வரப்புக்கே போனது. பனியில் கருகிய காகிதப்பூக் கொம்புகளைக்கூட இன்னும் கழிக்கவில்லை.

அந்தப் பழைய தெருக்களுக்குக் கால்வாய்த் தண்ணீர் முறை வைத்து வரும். முறை வந்ததும் மடையைத் திறந்து, தோட்டம் முழுக்கக் கணுக்கால் அளவுக்கு நிரப்பிக்கொள்ள வேண்டும். அதைத் தேக்கி வைப்பது சுற்றிலும் போட்ட மண் வரப்புதான். போன முறை எலி வளை வழியாகத் தண்ணீர் ஓடி, பக்கத்து வீட்டு வெண்டலின் கார் கொட்டகைக்குள் புகுந்துவிட்டது.

"இன்னொரு தடவை என் பக்கம் வந்துச்சுன்னா, உங்க மடையை மூடச் சொல்லி கால்வாய் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துடுவேன்," என்றுவிட்டான் வெண்டல்.

மடை போனால் தோட்டத்தில் நிற்கும் பெக்கான் கொட்டை மரமும் போய்விடும். இந்த வெயிலுக்குக் குழாய்த் தண்ணீர் எந்த மூலைக்கு? மேற்கு வெயில் வீட்டில் அறையாமல் தடுப்பது அந்த ஒரு மரம்தான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு ஜல்லி கொட்டிடலாம்மா. ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க," என்றாள் மகள் மாரிசெலா.

"கொட்டலாம். ஜூலை மாசம் நீ வந்து அது மேல உட்காரு."

எர்லிண்டா எலி வளையைத் தோண்டிப் பார்த்து அடைத்தாள். கட்டிகளை உடைத்து, நனைத்து, குதிகாலால் மிதித்து வரப்பை உயர்த்தினாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெண்டல் எட்டிப் பார்த்தான்.

"என்ன, எலிக்கு மாளிகையா?"

"ஆமா. வாடகையை உங்ககிட்ட வாங்கிக்கறேன்."

முறை நாளன்று முற்பகலில் மடையைத் திறந்தாள். தண்ணீர் பழுப்பாகப் பரவி மரத்தடியைச் சுற்றிக்கொண்டது. வெண்டல் கொட்டகையில் நாற்காலி போட்டு, போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

வேலியோரம் வரப்பின் அடியில் குமிழி கிளம்பியது. பிறகு ஒரு சுழி. புது வளை! மண்வெட்டி மரத்தடியில் இருந்தது. எர்லிண்டா தண்ணீரில் இறங்கி, பூட்ஸோடு காலை ஓட்டைக்குள் செருகினாள்.

"வெண்டல்! அந்த மண்வெட்டியை எடு!"

"போட்டோ எடுத்துக்கிட்டிருக்கேன்."

"எடு, எடு. தண்ணி உன் கார்கிட்ட வர்றதையும் சேர்த்து எடு. காலை எடுத்தா அங்கதான் வரும். மண்ணை அள்ளிப் போடுய்யா!"

அவன் காரை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

"எங்க போடணும்?"

"என் கால் மேல!"

அவன் அள்ளிப் போடப் போட, அவள் மற்றொரு காலால் மிதித்து இறுக்கினாள். முழங்கால்வரை சேறு. சுழி நின்றது. காலை இழுத்தாள். வெறும் கால்தான் வந்தது.

"உங்க பூட்ஸ்?"

"கிடக்கட்டும். அதைவிட நல்ல அடைப்பு எங்க கிடைக்கும்?"

வெண்டல் கொட்டகைக்குப் போய்த் தரையைத் தடவிப் பார்த்தான். காய்ந்தே இருந்தது.

"எழுதிக் கொடுக்கறதை அடுத்த முறை பார்த்துக்கலாம்," என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அடுத்த முறை நாற்காலி வேண்டாம். மண்வெட்டியோட வந்துடுங்க."

தோட்டம் நிரம்பியதும் மடையைத் திருகி மூடினாள். மதிய நடைக்கு நேரமாகிவிட்டது. காலைக் கழுவி, வேறு ஷூவை மாட்டிக்கொண்டு பஸ்ஸை எடுக்கப் போனாள்.