பால்காரக்காவுக்கு வராத நோய்

பச்சைத் தகரம். மாட்டுக் கொட்டகைக் கூரைக்குப் போடுவார்களே, அலையலையாக மடிப்பு விழுந்தது, அந்த மாதிரி. மூன்று தகடுகளைச் சவுக்குக் கம்புகளில் வைத்து, ஒரு வீட்டு வாசலை மறித்து ஆணி அடித்திருந்தார்கள். அதற்கு மேலே ஒரு பெண்ணின் முகம் கண்ணிலிருந்து நெற்றிவரை மட்டும் தெரிந்தது. உள்ளே எதன் மேலோ ஏறி நின்றிருக்க வேண்டும். அவள் ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். நான் இதை நேரில் பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, உள்ளூர் கேபிள் சேனலில் பார்த்தேன். அந்தக் கண்களை எனக்குத் தெரியும். பதினோரு வருடமாகத் தினமும் காலையில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றிய பால்காரக்கா அது.

மம்சாபுரத்தில் இரண்டு மாடு வைத்திருந்தாள். மொபெட்டின் இருபுறமும் கேன் தொங்க, விடியும்போது எங்கள் பகுதிக்கு வந்துவிடுவாள். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே அவளுடைய பேச்சு தெருவுக்குள் வந்துவிடும். நான் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்ததிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏட்டி, ரத்தத்துல அம்புட்டு வியாதியையும் கண்டுபிடிச்சிருதியே, என் மாடு ஏன் உதைக்குதுன்னு ஒரு டெஸ்ட் எடுத்துச் சொல்லேன்" என்பாள். பாலில் தண்ணீர் கலக்கிறாள் என்று அம்மா குறை சொன்னால், "தண்ணி ஊத்தணும்னா ஒங்க வீட்டுக் குழாய்லதான் புடிக்கணும், அதுல வாரத்துக்கு ரெண்டு நாளுதானே வருது" என்று பதில் வரும். புருஷன் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு இருந்தது மூன்று: மாடுகள், வண்டி, பால் வாங்கும் முப்பத்தொரு வீடுகள்.

கொரோனா அடைப்பு இருந்த அந்த மாதங்களில் ஊர் எப்படி இருந்தது என்பதை இன்று யாரும் முழுதாக ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. கடை மதியம் ஒரு மணி வரை என்றார்கள், பிறகு காலை பத்து மணி வரை என்றார்கள். ஞாயிறு முழு அடைப்பு என்றதும் சனிக்கிழமை எல்லோரும் கறிக்கடையில் குவிந்தார்கள். நேற்று வரை "நாளை முதல் எதுவும் கிடைக்காது" என்று அலறிய அதே சேனல், அந்தக் கூட்டத்தை மாடியிலிருந்து படம் பிடித்து, "பொறுப்பற்ற மக்கள்" என்று சிவப்பு எழுத்தில் ஓட விட்டது. செய்திக்கு முன்னால் ஒரு இசை போடுவார்கள், பேய்ப் படத்தில் கதவு திறப்பதுபோல. ரேஷன் கடை வரிசையில், எனக்கு முன்னால் நின்றிருந்த விசைத்தறிக்காரர் ஒருவர், "வியாதி வந்து சாகுதோமோ இல்லையோ, டிவியப் பாத்தே செத்துருவோம்" என்றார். பின்னாலிருந்த அம்மாள், "அப்ப அதை அணைச்சுத் தொலைய வேண்டியதுதானே?" என்றாள். "அணைச்சா, இன்னைக்கு எதை மூடுதாவன்னு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டதற்கு வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கோபம் இருந்தது. தறி நின்றவர்களுக்கு, கல்யாணம் தள்ளிப்போனவர்களுக்கு, போலீஸ்காரரிடம் அடி வாங்கியவர்களுக்கு. அதை யார் மேல் காட்டுவது என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

நான் அப்போது தற்காலிக வேலையில், சளி மாதிரி எடுக்கும் முகாம்களில் பதிவு செய்யும் மேசையில் இருந்தேன். வேலை எளிதானது. கைபேசி எண் கேட்க வேண்டும், அதற்கு வரும் ஓடிபியைக் கணினியில் போட வேண்டும், பெயர், வயது, முகவரி தட்ட வேண்டும், குப்பியின் எண்ணை ஒட்ட வேண்டும். எண் இல்லாமல் பதிவு நகராது. கைபேசி இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தாரின் எண்ணைச் சொல்வார்கள். "எந்த நம்பரா இருந்தாலும் சரி, சீக்கிரம் சொல்லுங்க" என்று நானே ஒரு நாளைக்கு ஐம்பது முறை சொல்லியிருப்பேன்.

மம்சாபுரத்தில் முகாம் போட்ட அன்று, பால்காரக்கா தன் பக்கத்து வீட்டுக் கொத்தனார் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். தனி ஆள், கைபேசி கிடையாது. கவச உடைக்குள் இருந்த என்னைக் குரலை வைத்தே கண்டுபிடித்து, "என்ன தாயி, சாக்குப் பையில போட்டுக் கட்டிட்டாவளா ஒன்னைய?" என்றாள். தன் எண்ணைச் சொன்னாள், ஓடிபியும் சொன்னாள். அங்கேதான் தவறு நடந்தது. பால் வண்டி ஓட்டும் அனுமதிச் சீட்டுக்காக அவள் ஒரு மாதம் முன்பு சோதனை எடுத்திருந்தாள். அதனால் அந்த எண்ணைப் போட்டதும் கணினி அவளுடைய பெயர், வயது, முகவரியைத் தானாகவே நிரப்பியது. நான் 'புதிய நபர்' என்ற பொத்தானை அழுத்தித் தாத்தாவின் விவரத்தைத் தட்டியிருக்க வேண்டும். கவசக் கண்ணாடி உள்ளே ஆவி படிந்து மங்கியிருந்தது, இணையம் நின்று நின்று வந்தது, வரிசை வெயிலில் நின்றது. காரணங்களை என்னால் இன்னும் அடுக்க முடியும். நான் 'சமர்ப்பி' என்பதை அழுத்தினேன். குச்சி தாத்தாவின் மூக்கில் போனது, நோய் அக்காவின் பெயரில் போனது.

மூன்றாம் நாள் தகரம் அடித்தார்கள். அன்று மாலை நாங்கள் பார்த்த செய்தியில் அவள் கத்தியது இதைத்தான்: "எனக்கு எங்கய்யா குச்சி விட்டிய? அந்தப் பெரியவருக்குல்ல விட்டிய! எம் மூக்குல விடாம எனக்கு எப்படிய்யா வரும்?" அவளுடைய குரலைப் பாதியில் அடக்கிவிட்டு, செய்தி வாசித்தவர் சொன்னார், "சுகாதாரப் பணியாளர்களுடன் ஒத்துழைக்க மறுத்து ரகளை." கீழே ஓடிய எழுத்து: "பால் வாங்கியவர்கள் யார் யார்? உறைந்து நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்." அவள் வாயிலிருந்து வந்தது ஒரு சரியான கேள்வி. அந்தப் படம் ஓடி முடிவதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அம்மா அதற்குள் எழுந்து போய், காலையில் வாங்கிய பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். பாத்திரத்தை மஞ்சள் தண்ணீரில் மூன்று முறை அலசினாள். "பாவி, மூடி மறைச்சுட்டு வந்து ஊத்தியிருக்கா பாரு" என்றாள். நான் டிவியை அணைத்தேன்.

மறுநாள் என் கைப்பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். குப்பி எண்ணுக்கு நேராக என் கையெழுத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. அதே எண்ணுக்குக் கணினியில் அக்காவின் பெயர். இரண்டையும் முகாம் பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இப்ப மாத்தினா மேல நூறு கேள்வி வரும். கணக்கு அனுப்பியாச்சு, தகரம் அடிச்சாச்சு, டிவியிலயும் வந்தாச்சு. பதினாலு நாள்ல தானா சரியாயிடும்மா. உனக்கு அடுத்த மாசமும் வேலை வேணும்ல?" என்றார். சேனல் நிருபரையும் அழைத்தேன். அவர் எங்கள் தெருவுக்குத் தெரிந்தவர்தான். "ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாம்மா, போடுதேன். ஆனா ஒண்ணு கேளு, பால்காரிக்கு நோய் இருக்குன்னா ஊரே பாக்கும். இல்லைன்னா எவன் பாப்பான்?" என்று சிரித்தார். நான் கடிதம் கேட்கப் போகவில்லை. இரண்டு இடத்தில் சொல்லிவிட்டேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சொல்ல வேண்டியவர்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தேன். தாத்தாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு. தகரத்துக்கு மேல மாட்டுக்குத் தீவனம் தூக்கிப் போடுததே அவருதான்" என்றாள். அவரை யார் பக்கத்திலும் போகாமல் தனியாக இருக்கச் சொல்லுங்கள் என்றேன். அவள் சிரித்தாள். "ஊரே என் பக்கத்துல வர மாட்டேங்கு. நீ அவரையும் போகாதன்னு சொல்லுத. அப்ப மாட்டுக்கு நீயா வந்து புல்லு போடுவ?"  அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பாலை என்னக்கா பண்றீங்க?" என்று கேட்டேன். "என்ன பண்ணுவேன்? கறக்காம விட்டா மடி வீங்கிரும். கறந்து கொல்லை வாய்க்கால்ல ஊத்துதேன்" என்றாள். நோய் இருந்த தாத்தா ஊருக்குள் நடமாடினார், நோய் இல்லாத அக்கா தகரத்துக்குள் இருந்தாள். அவர் பிழைத்ததும், அவரிடமிருந்து வேறு யாருக்கும் தொற்றாததும் அதிர்ஷ்டம்தான். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

பதினான்கு நாள் கழித்துத் தகரத்தைப் பிடுங்கினார்கள். மறுநாளே அவள் பாலோடு எங்கள் தெருவுக்கு வந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் முகாமுக்குப் போயிருந்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக் கதவும்தான். அம்மா பாக்கெட் பாலுக்கு மாறியிருந்தாள். அக்கா அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். பிறகு வரவில்லை.

நான் அவளைப் பார்க்கப் போனபோது மேலும் மூன்று வாரம் ஆகியிருந்தது. என் தற்காலிக வேலை முடிந்து, ராஜபாளையத்தில் ஒரு தனியார் லேபில் வேலை உறுதியான பிறகுதான் போனேன். இந்த வரிசை தற்செயல் இல்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். தொழுவம் காலியாக இருந்தது. இரண்டு மாடுகளையும் சோழபுரத்துக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: எண், பொத்தான், கைப்பதிவேடு, பொறுப்பாளர், நிருபர். முதலில் எதை, பிறகு எதைச் சொல்வது என்று பேருந்தில் மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "எனக்கு நோய் இல்லன்னு எங்கிட்டயா வந்து சொல்லுத?" என்றாள்.

"மன்னிச்சுருங்கக்கா."

"அது கெடக்கட்டும். எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே ஏட்டி. தெரியாதவியகிட்டப் போய்ச் சொல்லு. மாடு போச்சு, போகட்டும். பஸ்ஸுல நான் உக்காந்தா பக்கத்துல இருக்கவ எந்திரிச்சுப் போறா. அதுக்குச் சொல்லு." பிறகு, "எழுதுவியா? எழுது" என்றாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பால் ஊற்றிய வரிசையிலேயே, ஒரு இடத்திலும் யோசிக்காமல், முப்பத்தொரு வீடுகளையும் சொன்னாள். வீட்டு எண் எதுவும் அவளுக்குத் தெரியாது. போஸ்ட்மேன் வீடு, நாய் வீடு, மாடியில் கருவேப்பிலை வச்ச வீடு, பாய் கடைக்குப் பின்னால இருக்க டீச்சர் வீடு என்றே பட்டியல் போனது. முதலில் சொன்னது, "ஒங்க வீடு."

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன்.  "டிவியில பாத்த அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "நான் பாலைக் கீழ ஊத்தும்போதே தெரியுமா?" என்றாள். அதற்கும் அதே பதில்தான். அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனிமே இதை வெளிய சொல்லிட்டுத் திரியாத. ஒனக்கு வரன் பாத்துட்டு இருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் அம்மா சொன்னதைக் கேட்டு நடந்தேன். எனக்கு வசதியாக இருந்ததால் கேட்டேன்.

சேனல்களை நான் மன்னிக்கவில்லை. காரணமில்லாமல் மூடித் திறந்த கதவுகளையும், அடித்த தகரங்களையும் மன்னிக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் முகத்தில் பாதியை மறைத்து, மீதிப் பாதியைப் படம் பிடித்துக் காட்டிய அத்தனை பேருக்கும் தேவைப்பட்ட ஒரே பொருளை, அந்தத் தவறான பதிவை, அவர்களுக்குக் கொடுத்தவள் நான்தான். அதில் அவர்கள் ஒரு எழுத்தைக்கூடச் சரிபார்க்கவில்லை. என்னால் மட்டும் அதைச் சரிபார்க்க முடிந்தது, நான் சரிபார்த்தேன், பிறகு மூடி வைத்தேன்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் போஸ்ட்மேன் வீட்டுக்குப் போனேன். இவ்வளவு வருடம் கழித்து ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதற்கு முந்தின வாரம் மம்சாபுரத்துப் பேருந்தில் அக்காவைப் பார்த்தேன். மில்லில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறாள். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. நெரிசல் இல்லாத பேருந்துதான், இருந்தாலும் நான் அதைக் கவனித்தேன். போஸ்ட்மேன் வீட்டு அம்மா என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். முன்பு எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றிய அக்காவை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மம்சாபுரத்துக்காரி தானே? வாய் ஓயாம பேசுவாளே. ஞாபகம் இல்லாம என்ன?" என்றார். முகம் இளகியது. "பாவம், அந்தக் கொரோனாவுல போயிச் சேந்துட்டாளே."

"இல்லை பெரியம்மா. உயிரோட இருக்காங்க. அவங்களுக்கு அந்த நோய் வரவே இல்லை. நான் பேரை மாத்திப் பதிஞ்சுட்டேன்."

 அவர், பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளின் தப்பான கணக்கைத் திருத்துகிற பொறுமையோடு சொன்னார்: "நீ எதையோ மாத்திச் சொல்லுத தாயி. நான்தான் டிவியில பாத்தேனே."

காப்பியைக் குடித்து முடித்து, முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.