கிழங்கும் சூரை மீனும்

போர்ட் பிளேருக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டிக்கு எதிரே இருந்த எங்கள் சாப்பாட்டுக் கடையைப் புயல் பாதியாக்கிவிட்டுப் போன அந்த வாரம், ஊருக்கே திரும்பிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். அடுத்த கப்பலில் ஏறுவது, ராமநாதபுரத்தில் அண்ணன் கடையில் வேலைக்கு நிற்பது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைத் தூக்கிப் போட்டேன். அடுத்தவர் கடையில் கைகட்டி நிற்கவா கடல் தாண்டி வந்தோம்?

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. கூரைத் தகரம் பாதி பறந்துவிட்டது. அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் நனைந்து நாறிவிட்டன. தீவில் சாப்பாட்டுக் கடை என்றால் எல்லாம் கப்பல் சரக்குதான். வாசல் பலகையிலேயே ‘மெயின்லேண்ட் சாப்பாடு’ என்று பெருமையாக எழுதி வைத்திருந்தோம். அக்கரைச் சாத்தமிலிருந்து ஃபெர்ரியில் வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். இங்கே விளைகிற மரவள்ளிக் கிழங்கும் இங்கே பிடிக்கிற சூரை மீனும் எங்கள் வீட்டு அடுப்புக்கு மட்டும். அதைக் கடையில் வைத்தால் மானம் போய்விடும் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பலகையைத் திருப்பிப் போட்டு, கரியால் ‘கிழங்கு, சூரை மீன் குழம்பு’ என்று எழுதினேன். டப்பாவில் மிளகாய்த்தூள் தப்பியிருந்தது. தேங்காய்க்கா பஞ்சம்? புயல் உதிர்த்த காய்கள் வழியெல்லாம் கிடந்தன. இதையெல்லாம் எவன் காசு கொடுத்துத் தின்பான் என்று அவர் முணுமுணுத்தார். பசிக்கிறவன் தின்பான் என்றேன். ஃபெர்ரியில் வந்த ஒன்றிரண்டு பேர் தின்றார்கள். அந்தக் காசு விறகுக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை.

அப்போது ஒரு நாள் போர்ட் பிளேரிலிருந்து லாஞ்ச் ஒன்று வந்தது. தீவைச் சுற்றிப் பார்க்க வந்து, திரும்பக் கப்பல் இல்லாமல் மாட்டிக்கொண்ட மெயின்லேண்ட்காரர்கள். கழுத்தில் கேமரா. கூட்டி வந்த டூரிஸ்ட் ஆபீஸ் கிளார்க் நம் தமிழ் ஆள்தான். அவர்களை இறங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தார்.

“இங்க ஒண்ணும் இல்ல சார், எல்லாம் பர்பாத் ஆயிடுச்சு. போட்ல இருந்தே பாத்துட்டுப் போயிடலாம்.”

எல்லாம் நாசமாம்! அடுப்பு எரிகிறது, குழம்பு கொதிக்கிறது, நான் குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன், இந்த மனுஷன் கண்ணுக்கு ஒன்றும் இல்லையாம். அதற்குள் ஒருவர் எங்கள் கூரையைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினார். நான் கரண்டியும் கையுமாக ஜெட்டிக்கே போய்விட்டேன்.

“உடைஞ்ச கூரையப் படம் புடிக்கணுமா? வாங்க, அதுக்குக் கீழ உக்காந்து சாப்பிட்டுட்டுப் புடிங்க.”

கிளார்க் வழிவிட்டு ஒதுங்கினார். வயதான அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே முதலில் இறங்கினார். அவர் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். கூரை ஓட்டை வழியாக வெயில் தட்டில் விழ, கிழங்கைப் பிட்டுப் பிட்டுக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்போடு ஓடி ஓடிக் கவனித்தார். சட்டி காலியானது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது அந்த அம்மா சாப்பாட்டுக் காசோடு பெரிய நோட்டு ஒன்றையும் என் கையில் திணித்து, பாவம், கூரை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். தகரத்துக்கு அது தாராளமாகப் போதும். எனக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனாலும் கை கூசியது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

“சாப்பிட்டதுக்குக் குடுங்கம்மா, வாங்கிக்கிறேன். புயலுக்குக் குடுக்காதீங்க. நாளைக்கு இன்னும் நாலு பேரக் கூட்டிட்டு வாங்க, அது போதும்.”

லாஞ்ச் போனதும் அவர் என்னைத் திட்டித் தீர்ப்பார் என்று நின்றேன். அவர் கப்பல் பேச்சையே எடுக்கவில்லை. நாளைக்குச் சூரை எவ்வளவு வாங்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.