சாப்பாட்டு மேசை மேல் ஒரு பந்தயப் படகு

அத்தை வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் வந்தேன். நான்கு வருடம் தேசம் தேசமாகச் சுற்றியதில் எந்த ஊரிலும் இரண்டு வாரத்துக்கு மேல் என் கால் தரித்ததில்லை. இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. காரணம், இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இல்லை, படகு இருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. பல்செட் செய்கிறவள். மருத்துவர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவாள். முப்பத்திரண்டு வருடமாக இதே வேலை. வருடத்துக்கு ஒரு பல் என்று வைத்தால் ஒரு வாய் நிறைந்துவிட்டது என்பாள்.

"நல்லா செஞ்சா ஒருத்தருக்கும் தெரியாதுடீ. தெரிஞ்சிருச்சுன்னா மோசமா செஞ்சிருக்கேன்னு அர்த்தம். இப்படியும் ஒரு தொழிலா?"

பக்கத்து ஏரியில் ரிமோட் படகுப் பந்தயம் நடத்தும் கிளப் ஒன்று உண்டு. பந்தயத்துக்குக் கொடி காட்டும் அதன் கொடிக்காரர் போன வருடம் உற்சாகம் தாங்காமல் கத்தியதில், மேல் பல்செட் பறந்துபோய் ஏரியில் விழுந்தது. புது செட் செய்தது அத்தை. ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதியாக வேண்டும், பல் இல்லாமல் வெறும் காற்றுதான் வருகிறது என்று அவர் அழாத குறையாகச் சொன்னதால், கரைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பினால், ஹைட்ரோபிளேன் என்கிற பந்தயப் படகு ஒன்று அவளைக் கடந்து போகிறது.

சாதாரணப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். இதற்குத் தண்ணீரைத் தொடவே கூச்சம். முன்னால் இரு பக்கமும் இரண்டு மிதவைகள். வேகம் பிடித்தால் அவற்றின் நுனியும் பின்னாலுள்ள விசிறியில் பாதியும் மட்டும்தான் தண்ணீரில் படும். மற்றதெல்லாம் காற்றில். பின்னால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் எழும்பும். ஏரியே திரும்பிப் பார்க்கும்.

"முப்பத்திரண்டு வருஷமா நான் அடுத்தவங்க வாயப் பார்த்தேன். அன்னிக்கு நான் பொளந்துக்கிட்டு நின்ன வாய எல்லாரும் பார்த்தாங்க" என்றாள் அத்தை.

மறுவாரமே மேசை மேல் வரைபடம் விரிந்தது. மெல்லிய பிளைவுட்டை அறுத்துச் சட்டங்கள் செய்தாள். பல் தேய்க்கும் குட்டி எந்திரத்தால் ஒவ்வொரு மூட்டையும் இழைத்தாள். மேல்பலகையை வளைத்து ஒட்டிப் பிடிக்க நாற்பத்தேழு துணி கிளிப்புகள் போயின. அந்த வாரம் கொடியில் காய்ந்த மாமாவின் பனியன்கள் எதிர்வீட்டுக்குக் குடிபோயின.

மாமாவுக்குத் தபால் பிரிக்கும் வேலை. எல்லாம் அதனதன் அறையில் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"ஏம்மா, இது சாப்பாட்டு மேசை."

"வீட்டுல மட்டமா இருக்கற ஒரே எடம் இதுதாங்க. தரையில கோலிகுண்டு போட்டா சமையல்கட்டுக்கு ஓடுது."

"அப்ப நான் எங்க சாப்பிடறது?"

"மாடிப்படியில உக்காருங்க. காத்து வரும்."

பதினோரு மாதம் படியில் சாப்பிட்ட மனிதர் கடைசியில் ஒரு நாள் சாம்பார் தட்டு சாய்ந்ததும் எழுந்து நின்றார். "இங்க பாரு. வருஷக் கடைசிப் பந்தயம் வருதில்ல? உன் படகு நாலு சுத்தும் தானா சுத்தி முடிச்சா மேசை உனக்கு. ஜெயிக்கக்கூட வேணாம். முடிக்கலன்னா படகு பரண் மேல, மேசை எனக்கு. அதுக்கப்பறம் படகுப் பேச்சே கூடாது."

"சரி" என்றாள் அத்தை, யோசிக்காமல். அன்று இரவு மூன்று மணி வரை படகை இழைத்துக்கொண்டிருந்தாள்.

ஏரி கிளப்புக்குப் பந்தய நாளில் மட்டும்தான் கிடைக்கும். ஓட்டக் கற்றது கொடிக்காரரின் பழைய படகில். அவளுடைய சொந்தப் படகு அந்த வாரம்தான் முடிந்தது, அது பார்த்த தண்ணீர் குளியல் தொட்டி மட்டுமே. அதனால் பந்தயத்தன்று காலைதான் முதல் ஓட்டம். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளிவிட்டேன். கீச்சென்று ஒரு சத்தம். மஞ்சள் படகு எழும்பி, தண்ணீரை விட்டுவிட்டுப் பறந்தது! நான் கூத்தாடினேன், அத்தை கூவினாள், கரையில் மாமா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார்.

பிறகு முதல் வலது திருப்பம் வந்தது. மெழுகிய தரையில் ஓடிய நாய்க்குட்டி போலப் படகு பக்கவாட்டில் வழுக்கி, குப்புறக் கவிழ்ந்தது.

துடுப்புப் படகில் போய் எடுத்து வந்தேன். டேப் ஒட்டி அடைத்திருந்ததால் உள்ளே தண்ணீர் புகவில்லை. கரையில் வரிசையாக இருந்த மற்றப் படகுகளைப் பார்த்தேன். நம்முடையதைப் பார்த்தேன்.

"அத்தை, அந்தக் கத்தி மாதிரி தகடு இருக்கே, எல்லாரும் வலது மிதவையில வெச்சிருக்காங்க. நம்மளது ஏன் இடதுல இருக்கு?"

அந்தத் தகடுதான் திருப்பத்தில் தண்ணீரைக் கவ்விப் பிடிக்கும். பந்தயம் முழுக்க வலது பக்கத் திருப்பங்கள்தான்.

"இடதுலயா? வலதுலதானே வெச்சேன்?" அத்தை படகின் பின்னால் நின்று கையை நீட்டினாள். கை நேராக இடது மிதவைக்குப் போனது. அவளே அந்தக் கையைப் பார்த்தாள்.

அப்புறம்தான் உறைத்தது. பல் வேலையில் வலது என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது. செய்கிறவரின் இடது கைப்பக்கம். முப்பத்திரண்டு வருடப் பழக்கம். படகு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது என்பது கைக்குத் தெரியவில்லை.

"ஐயோ, இதையும் ஒரு வாயின்னே நெனச்சுட்டேன்டீ!" சிரிக்க ஆரம்பித்தவள் நடுவிலேயே நிறுத்தினாள். "எவ்வளவு நேரம் இருக்கு?"

"நாப்பது நிமிஷம்."

தகட்டைக் கழற்றுவது சுலபம். ஆனால் திருகாணி பிடிப்பதற்கான கட்டையை இடது மிதவைக்குள் மட்டும்தான் ஒட்டியிருந்தாள். வலது மிதவை வெறும் கூடு. அத்தை கைப்பையைக் கவிழ்த்தாள். எங்கே யாருக்குப் பல்செட் உடையுமோ என்று எப்போதும் எடுத்துப்போகும் பொடியும் திரவமும் விழுந்தன. கலந்தால் பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும், ஈறு நிறப் பசை. துளை போட்டு, உள்ளே பசையை அடைத்து, தகட்டைப் பதித்தாள். இறுகுவதற்குள் கை சும்மா இருக்காமல் அதை வழித்து, அழகான ஈறாகவே செதுக்கிவிட்டது.

"பிரஷ்ஷும் குடுத்துரு, பல்லு வெளக்கட்டும்" என்றார் மாமா.

விசில். ஆறு படகுகள் பாய்ந்தன. முதல் திருப்பத்தில் ஒன்று கவிழ்ந்தது. மஞ்சள் படகின் ஈறு தண்ணீரைக் கவ்வியது. படகு சிட்டாகத் திரும்பியது! அத்தை "ஹே!" என்று கத்தினாள். கொடிக்காரரும் கத்தினார், ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு. இரண்டாவது சுற்றில் இரண்டு படகுகள் மோதிக்கொண்டு நின்றுபோயின. மூன்றாவது சுற்று முடியும்போது ஓடிக்கொண்டிருந்தவை மூன்று. அத்தை மூன்றாவது.

நான்காவது சுற்றின் கடைசித் திருப்பத்தைத் தாண்டியதும் படகின் சத்தம் இறங்கியது. காலை ஓட்டத்தில் பாதி பேட்டரி போயிருந்தது. மாற்று பேட்டரி வீட்டில், சாப்பாட்டு மேசை மேல். எழும்பிப் பறந்தது உட்கார்ந்து, ஊர்ந்தது. கோட்டுக்கு இன்னும் முப்பது அடி. வாத்து ஒன்று அதை முந்திக்கொண்டு போனது.

அத்தையின் கட்டைவிரல் வெளுத்துப்போய் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தது. "வாடீ என் தங்கம், வாடீ."

கரையோரமாக மாமா படகின் வேகத்துக்கே அடியெடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தார், குனிந்து, குழந்தையை நடை பழக்குகிறவர் மாதிரி. "வா வா வா. இன்னும் கொஞ்சந்தான். நின்னுடாத, மானத்த வாங்காத, வா!"

"மாமா, நின்னா மேசை உங்களுக்கு!" என்று கத்தினேன்.

"வாய மூடு கழுதை, அதுக்குக் கேட்டுடப்போகுது!"

கொடிக்காரர் முழங்கால் தண்ணீரில் இறங்கி உற்றுப் பார்த்தார். "தானா வருதா, காத்து தள்ளுதா?"

"விசிறி சுத்துதுய்யா! நல்லாப் பாருய்யா!" என்றார் மாமா.

மூக்கு கோட்டைத் தொட்டது, தாண்டியது, விசிறி நின்றது. கொடி விழுந்தது. அத்தை ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டு, செருப்போடு தண்ணீரில் இறங்கிப் படகைத் தூக்கி அதன் ஈறில் ஒரு முத்தம் வைத்தாள். கரையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மாலை மேசை மேல் படகு தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு வரைபடம். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

"எந்திரி" என்றார் மாமா, தட்டும் கையுமாக வந்து நின்று. "மூணாவது படி என்னது. நீ நாலாவதுல உக்காரு."