உதிரப்பட்டி

எங்கள் வம்சத்தில் சொந்தப் பேரில் வயல் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஊரார் வயல்களில் நாற்றுக்கட்டு சுமந்தவன். எழுபதுகளின் கடைசியில், திருவாதவூர்ப் பக்கம் கண்மாய்க்கரையை ஒட்டி ஒரு துண்டு நிலம் அமைந்தது. நிம்மதியாகப் பெருமைப்பட விடாமல் அதன் பெயர் ஒன்று குறுக்கே நின்றது: உதிரப்பட்டி.

உதிர்கிற பட்டி என்றுதான் ஊரே அர்த்தம் வைத்திருந்தது. கதிர் விளைந்தாலும் மணி உதிர்ந்துவிடுமாம். வாங்கியவன் குடும்பமும் உதிருமாம். எனக்கோ சும்மாவே பயம். மேகம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். முதல் அறுப்பில் கொஞ்சம் நெல் கொட்டியது. எல்லார் வயலிலும் கொட்டுவதுதான். ஆனாலும் சோறு இறங்கவில்லை.

என் மனைவியின் அண்ணன் சிரித்தார். "மாப்ள, நெல்லு போட்டாத்தானே உதுருது? மல்லியப் போடுங்க. உதிரிப்பூன்னு சொல்லியே வித்துரலாம்!"

விற்பது பூவை இல்லை, வயலையே என்று முடிவு செய்தேன். ஆரப்பாளையத்தில் கடை வைத்திருந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

அதற்கு முந்தின நாள், மதுரையிலிருந்து கல்வெட்டுப் படிக்கிற அம்மா ஒருவர் வந்தார். கண்மாய் மடைக்கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றினார். கறுப்புக்குள் வட்டவட்டமாக வெள்ளை எழுத்து எழும்பியது. புதையல் குறிப்பு என்று கூட்டம் கூடிவிட்டது.

"புதையல் இல்லண்ணே. ஆயிரம் வருசத்துக்கு முந்தி, ஒரு பாண்டிய ராஜா பட்டத்துக்கு வந்த ஆறாம் வருசம் நடந்தது" என்று படித்துச் சொன்னார்.

அந்த ஒரே வருசத்தில் ராஜா வடக்கே படை கொண்டு போயிருக்கிறார். இங்கே பேய்மழை, கண்மாய் உடைந்திருக்கிறது. உடைப்பை அடைக்க இறங்கிய ஒருவன், கல் சரிந்து, ரத்தம் சிந்திச் செத்திருக்கிறான். ஊர் கூடிக் கல்மடை கட்டி, அவன் பிள்ளைகளுக்கு நிலம் கொடுத்திருக்கிறது.

"உதிரப்பட்டின்னு இருக்கு. உதிரம்னா ரத்தம்."

ரத்தம் என்றதும் என் பயம் இன்னும் கூடியது. "அப்ப காவு கேக்குமாம்மா?" என்றேன். கூட்டம் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "கேக்காதுண்ணே. பட்டின்னா நெலம். ஊரக் காப்பாத்த ரத்தம் சிந்துனவனுக்கு ஊரே மரியாதயாக் குடுத்த நெலம் இது."

ராஜாவின் போருக்கு ஒரு வரிதான். மிச்சக் கல் முழுக்க அந்த ஆள்தான். மண்வெட்டி பிடித்த ஒருவனுக்கு அம்புட்டு எழுத்து! கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வந்தார். "ராசியில்லாத நெலம். பாத்துக் கொறச்சுச் சொல்லுங்க."

"அண்ணே, கண்மாயக் காத்தவனுக்குக் குடுத்த நெலம் இது. நான் விக்கல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கரை தாங்குமோ என்று பயம். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கரையில் வேறு யாரும் இல்லை. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.