சேவூரில் படித்த ஜெர்மன்

கல்யாணமான மாதமே என் கணவர் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. நானும் போக வேண்டுமென்றால் முதலில் ஜெர்மன் மொழியில் ஆரம்பநிலைத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். அதன் பிறகுதான் மனைவி என்ற முறையில் நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியும். அதுவரை சேவூரில் அப்பா வீட்டிலேயே இருப்பது என்று முடிவாயிற்று.

வீட்டின் முன்பக்கம் நாங்கள்; பின்பக்கம் அப்பாவின் விசைத்தறிகள். மாலையில் போனில் வகுப்பு. நான் வாய் திறந்த முதல் நாளே, சென்னையிலிருந்து பாடம் எடுத்த ஆசிரியை, "உங்க வீட்டுக்குப் பக்கத்துல ரயில் போகுதா?" என்று கேட்டார். மொட்டை மாடிக்குப் போனேன். சத்தம் அங்கேயும் ஏறி வந்தது. பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் வயலோரம் நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தபடியே படித்தேன். புதிதாகக் கல்யாணமானவள் தனியாக உட்கார்ந்து போனைப் பார்த்து என்னவோ பேசுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம் வந்து சொன்னாள்.

"பரீட்சைக்குப் படிச்சிகினு இருக்குது" என்றாள் அம்மா.

"புருசங்கிட்ட போறதுக்குக் கூடவா பரீட்சை?"

அம்மா அவளுக்குக் காபி போட எழுந்து போனாள்.

முதல் தடவை தோற்றேன். காதால் கேட்டு விடை குறிக்கும் பகுதியில் வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று நான் பிடிப்பதற்குள் அடுத்த அறிவிப்பு ஓடிவிட்டது. அந்தக் கலக்கத்தில், பேசும் பகுதியில் தண்ணீர் கேட்கக்கூட வார்த்தை வரவில்லை.

"இருக்கிறதுலயே கீழ இருக்கிற பரீட்சைம்மா இது. இதுவே வரலன்னா எப்பிடி?" என்றார் கணவர்.

"இந்தத் தறி சத்தத்துல நீங்க வந்து உக்காந்து படிங்களேன்."

போனை வைத்துவிட்டேன். அவர் திரும்பக் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. போகவே வேண்டாம் என்றுகூட அப்போது தோன்றியது. அவரோடு இருந்தது சில வாரங்கள். மற்றதெல்லாம் போனில் தெரிந்த முகம்தானே! அதற்காக, பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேலையையும் விட்டிருந்தேன். திரும்பப் போனால், "எத்தன மாசத்துக்கு வருவீங்க?" என்று கேட்பார்கள். வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். தெருமுனைவரை போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன்.

மறுவாரம் வகுப்பு தொடங்கும் நேரத்துக்கு அப்பா தறிகளை நிறுத்திவிட்டார். அந்த அமைதி எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் தப்பும் தவறுமாகப் பேசுவது தெருவுக்கே கேட்டது. தறி ஓட்டும் அக்கா ஒருத்தி வாசற்படியில் டீயோடு உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"ஜல்தியா பாஸ் பண்ணிடும்மா. எங்க சேலை அப்பிடியே நிக்குது."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த தேர்வில் தேறினேன். முடிவைச் சொன்னதும் அப்பா, "அப்பாடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

அடுத்த தொல்லை பெயரில் வந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரையே அந்த இடத்தில் போட்டிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் அதே பெயரில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக இருந்தது. அதைத் திருத்த அப்பா அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்.

"எம் பேரு இதான்னு நானே வந்து நிக்கறேன். அதுக்கும் சாட்சி வேணுமாம். பேஜாரா போச்சு" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். காலையில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

திருமணச் சான்றிதழுக்கு முத்திரை வாங்கி, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, சென்னையில் விசா விண்ணப்பத்தைக் கொடுத்து, விரல் ரேகை வைத்துவிட்டு வந்தோம். இனிக் காத்திருப்பதுதான் வேலை. அதுதான் என்னைக் கொன்றது. போன் அடித்தால் அடுப்பை அப்படியே விட்டு ஓடுவேன். ஆரணி மார்க்கெட்டில் பார்க்கிறவர்களெல்லாம், "இன்னும் போவலையா?" என்றார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து, காய்கறி வாங்கக்கூட பஸ் ஏறிக் கண்ணமங்கலம் போனேன். அங்கே ஒருமுறை அம்மாவின் சினேகிதி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளும் அதையேதான் கேட்டாள்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்த அன்று நான் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி அடுக்கினேன்.

போய் இறங்கியபின்தான் தெரிந்தது, அந்த விசா உள்ளே நுழைய மட்டும்தான் என்று. நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் பெயர் சேர்க்க வேண்டும். தங்கும் அனுமதி அட்டைக்கு வேறு அலுவலகம், மறுபடி விரல் ரேகை. அங்கே ஓர் அதிகாரி அப்பாவின் பெயரைச் சொல்லி உரக்க அழைத்தார். சேவூரில் யாரும் அப்பாவை அப்படி மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒரு கணம் கதவுப் பக்கம் திரும்பி அப்பாவைத் தேடினேன்.

"உன்னத்தான். எழுந்திரு" என்று கணவர் முழங்கையால் இடித்தார்.

அவருக்கு அடிக்கடி இரவு வேலை. பகலில் அவர் தூங்க, நான் கால் ஓசை வராமல் அந்த ஒற்றை அறையில் நடந்துகொண்டிருப்பேன். பால்காரர் இல்லை, கூப்பிட ஆள் இல்லை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மனிதர் இல்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கோட்டை மாட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறினேன். எங்கே இறங்குவது என்று தெரியவில்லை. கடைசி நிறுத்தம்வரை போனேன். ஒரு குளம், சில மரங்கள், நாயோடு ஒரு வயதான அம்மாள். குளிரைப் பற்றி அவர் என்னவோ சொன்னார். பாதி புரிந்தது. ஆமாம் என்றேன். குளத்தைச் சுற்றி அவரோடு நடந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

கணவர் எழுந்து கதவருகே நின்றிருந்தார். "எங்க போன? பயந்துட்டேன்."

"சும்மாதான்."

"சும்மாவா? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே."

இப்போது முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அனுமதி அட்டையைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போதெல்லாம் தூக்கம் கெடுகிறது. விடுமுறை நாளில் அவரும் நானும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி அது போகிற இடம்வரை போகிறோம். ஜன்னல் பக்கத்து இருக்கைக்கு மட்டும் இன்னும் சண்டை வருகிறது.