நாற்பது நிமிடம் பின்தங்கிய பதிவு

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார், வீட்டில் ஹாம் ரேடியோக்காரர். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு கழிகளுக்கு நடுவே கம்பி கட்டி, மாடி அறையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களோடு உலகம் முழுக்கப் பேசுவார். அதற்கு அரசாங்க உரிமம் உண்டு. தெருவில் யார் வீட்டு டிவியில் கோடு விழுந்தாலும் பழி எங்கள் மாடிக்குத்தான் வரும். கீழே நின்று அதை வாங்கிக்கொள்வது என் வேலை.

வருடத்துக்கு ஒருமுறை அவர்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எத்தனை பேரோடு பேச முடிகிறது என்பதுதான் போட்டி. ஒவ்வொருவருக்கும் ரேடியோவில் பெயராக இருக்கும் அழைப்புக்குறி, பேசிய நேரம், சொல்லிக்கொண்ட எண் எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும். எதிர்முனையில் இருப்பவரும் அதையே எழுதி அனுப்புவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்தப் பேச்சு செல்லும். பத்து வருடமாக அவர் நீள நோட்டில் மணிமணியாக எழுதித் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆனதும், இனிமேல் கம்ப்யூட்டரில் பதிந்து அனுப்பினால்தான் ஏற்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது. காதும் கையும் செய்கிற வேலைக்கு நடுவில் அது எதற்கு என்பார். அந்தச் செய்தி வந்த அன்று சாயங்காலம் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, "வுடும்மா, இத்தோட போதும்" என்றார். ஒரு மனுஷன் பத்து வருட ஆசையை அவ்வளவு சுலபமாக மூடி வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் முன்கோபம். நீங்கள் பேசுங்கள், எழுதுவது என் பொறுப்பு, ஒரு வரி தப்பினாலும் அதற்கப்புறம் நான் வாயே திறக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சரி, இந்த ஒரு தடவை பார்க்கலாம், சரிப்படவில்லை என்றால் கம்பியை அவிழ்த்துவிடலாம் என்றார். வீம்பு பேசிவிட்டு இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

நான் ஒரு பட்டுப்புடவைக் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவள். அங்கே எனக்குக் கைவந்த ஒரு வித்தை உண்டு. முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் நல்ல நேரம் பார்த்துத்தான் வருவார்கள். வந்த பிறகு கரை அரக்கா பச்சையா என்று இரண்டு சம்பந்திகளும் முடிவு செய்வதற்குள் ராகு காலம் வந்துவிடும். பில்லில் அந்த நேரம் விழக்கூடாது. முதலாளி என் பக்கம் திரும்பி, "மணியத் திருப்பும்மா" என்பார். நான் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி, பில்லை எடுத்துவிட்டு, மறுபடி முன்னால் தள்ளிவிடுவேன். எல்லாருக்கும் சந்தோஷம். இதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ராகு காலம் பார்க்கிறவர்களை வீட்டில் வந்து கேலி செய்வதுகூட உண்டு.

கடையில் கழித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ரேடியோ நண்பர் ஒருவர் மூன்று பிளாப்பியில் பதிவு மென்பொருளை அனுப்பியிருந்தார். போட்டி சனிக்கிழமை விடியற்காலையில் ஆரம்பம். வெள்ளிக்கிழமை லீவு போட்டு, வீட்டு வேலைகளை முடித்துவிட்டு மாடி ஏறியபோது மணி பத்தே முக்காலைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை, நல்ல ராகு காலம். முதல் பிளாப்பியைச் செருகினேன். நம்பிக்கை இல்லாதவள்தான், ஆனால் அன்றைக்கு எனக்குப் பயம் இருந்தது. விரல் தானாகப் போய்க் கடிகாரத்தைப் பத்தே காலுக்குத் திருப்பியது.

மூன்றாவது பிளாப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே பால் பொங்குகிற வாசனை வந்தது. ஓடினேன். அதோடு கடிகாரம் மறந்துபோயிற்று.

ஹாம்காரர்களுக்கு உலகம் முழுக்க ஒரே நேரம்தான். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும். அதற்கென்று அவர் தனியாக ஒரு கடிகாரம் வைத்திருந்தார். அவர் நாற்காலிக்கு நேர் எதிரே, ரேடியோவுக்கு மேலே, பல வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை வைக்க வேறு இடமில்லாமல் அவருக்குப் பக்கவாட்டில் போட்டிருந்தேன். நான் உட்கார்ந்தால் அந்தக் கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால் போய்விடும். சாயங்காலம் கம்ப்யூட்டரை உலக நேரத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. கெட்டிக்காரியாகத் திரையில் இருந்த நேரத்தைப் பார்த்து, மனதிலேயே ஐந்தரை மணியைக் கழித்து, அடித்துவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, உலக நேரத்தில் சனிக்கிழமை பிறக்கும்போது, தொடங்கினோம். கீழே தெருவில் நெசவுக்காரர்கள் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் அழைப்பிலேயே ஜப்பானிலிருந்து ஒருவர் கிடைத்தார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, நான் அடித்தேன். ஒரே ஆளோடு இரண்டாம் தடவை பேசினால் கணக்கில் வராது; முன்பே பேசிய ஆள் மறுபடி வந்தால் கம்ப்யூட்டர் உடனே காட்டிக்கொடுத்தது. நான்காவது தடவை அப்படிச் சொன்னபோது அவர் கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறு காலை போட்டி முடிந்தது. காபி குடித்துவிட்டு அனுப்ப வேண்டிய கோப்பைத் தயார் செய்தேன். முதல் முப்பது வரிகளைப் போட்டி நேரத்துக்கு வெளியே நடந்தவை என்று மென்பொருள் தள்ளிவைத்தது. முதலில் அதைத்தான் திட்டினேன். அப்புறம் அந்த ஜப்பான்காரருக்கு நேராக வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். திரை அதற்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தது. முப்பது வரி மட்டுமல்ல, ஒரு வரியும் செல்லாது. உலகத்தில் யாருடைய பதிவோடும் எங்கள் நேரம் ஒத்துப்போகாது.

அவரைக் கூப்பிட்டேன். ராகு காலம், பத்தே கால், பால் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் திரையையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் உடனே சரிசெய்கிறேன் பேர்வழி என்று கடிகாரத்தை மாற்றப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதத் தொடாதம்மா. தப்பாவே ஓடிக்கினு இருக்கட்டும். எவ்ளோ தப்புன்னு அதுக்கு மட்டுந்தான் தெரியும்."

நாள் முழுக்க நேரத்தை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு வெளிநாட்டு நிலையத்தை ரேடியோவில் பிடித்தார். டிக் டிக்கென்று நொடி ஓடியது. நிமிடம் பிறக்கும்போது அவர் கையைத் தட்டினார், நான் திரையைப் படித்தேன். மூன்று தடவை பார்த்தோம். மூன்று தடவையும் சரியாக நாற்பது நிமிடம். பதிவு முழுவதையும் ஒரேயடியாக முன்னால் தள்ள மென்பொருளிலேயே வழி இருந்தது. ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, நாற்பது என்று அடித்தேன். ஜப்பான்காரர் சனிக்கிழமைக்கு வந்து, போட்டி தொடங்கி ஒரு நிமிடத்தில் போய் உட்கார்ந்தார். தள்ளிவைத்த முப்பது வரியும் உள்ளே வந்துவிட்டன. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார். "ராகு காலமா? நீயா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு என்னை யார் என்ன சொல்லியிருந்தாலும் வந்திருக்காது.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கோப்பை அனுப்பினேன். பதில் வரும்வரை நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வரி வந்தது. பதிவை ஏற்றுக்கொண்டோம், பிழை ஏதும் இல்லை. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் பரீட்சை முடிவு பார்த்துக்கொண்டிருந்த பெண், நானும் ஃபெயில் என்று நினைத்துக்கொண்டு அக்கா அக்கா என்று தேற்றினாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், கம்ப்யூட்டரை மூடி வைக்க மாடிக்குப் போனேன். ரேடியோவுக்கு மேலே சுவரில் வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு தெரிந்தது. கடிகாரம் எதிர்ச் சுவரில், என் நாற்காலிக்கு நேரே புது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இடத்திலிருந்து அதைப் பார்க்க வேண்டுமானால் இனிமேல் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.