பிடி அரிசி யாருக்கு

எங்கள் போதகரை ஜப்பானியர் முகாமுக்குக் கொண்டுபோன வாரத்திலேயே ஆலயத்துக்குள் உப்பு மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் மலாய் நாட்டு ஊரில், காஜா பேராங் பகுதியில் இருந்த ஐந்து தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞாயிறு பகலில் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடி ஜெபித்தன. அந்த வீட்டுக்காரர் முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவர்.

வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவதும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் சபை எனக்குக் கொடுத்திருந்த வேலை. சம்பளம் நின்றுபோனது. வேலையை நான் நிறுத்தவில்லை. எனக்கு அப்போது முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன்.

உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துக் காணிக்கைக்கென்று தனியே வைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். மாதம் ஒருமுறை அதை ஆலயத்தில் சேர்ப்பார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதைப் போதகரே பார்த்துக்கொள்வார். ஜப்பானியர் ஆட்சியில் பங்கீட்டு அரிசி சுருங்கி, பாதி வயிறு மரவள்ளிக் கிழங்கால் நிறைந்த காலத்திலும் அந்த ஐந்து வீடுகளில் பிடி அரிசி நிற்கவில்லை. கணவன்மாருக்குத் தெரியாமல்கூட எடுத்து வைத்தார்கள். ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்தபோது டிரெஸ்ஸர் வீட்டு ஜாடி நிறைந்துவிட்டது. யாருக்கென்று சொல்லப் போதகர் இல்லை.

அந்த ஞாயிறு ஆண்கள் பேசினார்கள். போதகர் திரும்பும்வரை மூடி வைப்போம் என்றார் ஒருவர். வண்டு விழும் என்றார் இன்னொருவர். நமக்கே பற்றாதபோது நாமே பங்கிட்டுக்கொள்வதில் பாவமில்லை என்று டிரெஸ்ஸர் சொன்னார். பெண்கள் அடுக்களைக் கதவருகே வாய் திறக்காமல் நின்றார்கள். அவர்கள் வயிற்றிலிருந்து எடுத்த அரிசி. எனக்கு எரிந்தது. எழுந்து நின்று, இதை இன்று முடிவு செய்ய வேண்டாம், இந்த வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறேன், குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். ஒரு பெண் சபையில் இப்படிப் பேசியது சிலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு விதி வைத்தேன். முதலில் வீட்டுக்காரி பேச வேண்டும், பிறகு பிள்ளைகள், கடைசியில்தான் ஆண்கள். கேள்விப்பட்டதைச் சொல்லக் கூடாது; பசியோடு இருந்தவர்களைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ஆறு வயதுப் பெண், எங்கள் கோழிக்குக் கொடுக்கலாம், அது முட்டை போடுவதையே நிறுத்திவிட்டது என்றாள். அவளுடைய அப்பா சிரிக்காமல் யோசித்தார்.

நான்கு வீடுகள் செமாபோக் என்ற இடத்தைச் சொல்லின. அங்கே ஒரு கொட்டகையில், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் புருஷன்மாரைப் பறிகொடுத்த தமிழ்ப் பெண்கள் குழந்தைகளோடு கிடந்தார்கள். டிரெஸ்ஸரின் மனைவி மட்டும் தெங்கேராவில் இருந்த ஒரு சீனப் பெண்ணைச் சொன்னார். சீனர்களைப் பகையாளிகளாகப் பார்த்த ஜப்பானியர் அவள் புருஷனை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்; திருப்பிக் கொண்டுவரவில்லை. மூன்று பிள்ளைகளோடு அவள் கிழங்குத் தோலை அவித்துக்கொண்டிருந்ததை இவர் நேரில் பார்த்திருந்தார்.

டிரெஸ்ஸர் பதறிப்போனார். "சீனத்திக்கு அரிசி கொடுத்தோம்னு தெரிஞ்சா நம்ம தலை போயிடும். உனக்குப் புரியுதா இல்லையா?"

"தலை போகும்னு எனக்கும் தெரியும்," என்றார் மனைவி. "நான் உலையில போடாம எடுத்து வச்ச அரிசி அது. யாருக்குன்னு நானும் சொல்லுவேன்."

டிரெஸ்ஸர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். ஞாயிறன்று எல்லாரும் கூடிப் பேசி, முக்கால் பங்கு செமாபோக்குக்கு, கால் பங்கு தெங்கேராவுக்கு என்று முடிவு செய்தார்கள். எதிராகக் கை தூக்கியவர் டிரெஸ்ஸர் ஒருவர்தான். இரண்டு இடத்துக்கும் நானே சுமந்துபோனேன். அந்தச் சீனப் பெண் மலாயில் என்னிடம், நீ யார், எதற்காகத் தருகிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஐந்து குடும்பம் பேசித் தந்தது என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. யார் வாயிலிருந்து போனதோ, ஜப்பானியர் அலுவலகத்தில் அவர்கள் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்த ஒரு தமிழர் காதுக்கு எட்டிவிட்டது. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஊரில் சேரும் தானமெல்லாம் படைக்குத்தான் போக வேண்டும், ஜாடியை ஒப்படைக்க வேண்டும் என்றார். ஜாடி எங்கே இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. அலுவலகத்து முற்றத்தில் காலை முதல் பொழுது சாயும்வரை வெயிலில் நிற்க வைத்தார்கள்.

"யார் யார் அரிசி கொடுத்தாங்க? பேரைச் சொல்லுங்க," என்றார் துபாஷி.

"கொடுத்தவங்களே பசி தாங்காம தின்னுட்டாங்க. வேணும்னா அவங்க வயித்தைப் போய்ப் பாருங்க."

அறைந்தார். ஜப்பானியச் சிப்பாய் அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு காலம் நினைவில் இருந்திருக்காது. பொய் சொன்னதற்காக நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டு ஜெபித்ததில்லை.

மறுநாள் டிரெஸ்ஸர் வந்து என் உதட்டுக் காயத்துக்கு மருந்து போட்டார். அடுத்த ஞாயிறு, இனி ஜாடியே வேண்டாம் என்று அவரே சொன்னார். ஒரே இடத்தில் சேர்த்தால்தானே பிடுங்குவார்கள். அவரவர் வீட்டு அரிசியை அவரவரே கொண்டுபோகட்டும் என்றார். தெங்கேராவுக்கு நான் போகிறேன், மருந்துப் பையை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்றும் சொன்னார். அவருடைய மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஜப்பானியர் சரணடையும்வரை ஒரு வாரம்கூட அது நிற்கவில்லை.

சண்டை முடிந்ததும் துபாஷி தலைமறைவானார். அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் புக்கிட் பாருவில் தனியே இருந்தார்கள். கடைக்காரர்கள் அவளுக்கு எதுவும் விற்கவில்லை. அரிசி அப்போதும் தட்டுப்பாடுதான். அந்த வீட்டுக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சை டிரெஸ்ஸரின் மனைவிதான் எடுத்தார். தனி ஆளான எனக்கும் ஒரு வாக்கு உண்டு. அந்தப் பிள்ளைகளின் ஒட்டிய வயிற்றை நானே பார்த்திருந்தேன். பார்த்திருந்தும் வேண்டாம் என்றேன். ஐந்து குடும்பங்களும் கொடுக்கலாம் என்றன. வீடு தெரிந்தவள் என்பதால் என்னையே கொண்டுபோகச் சொன்னார்கள்.

கொண்டுபோனேன். அவள் உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். நான் படியேறவில்லை. பையை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். கிறிஸ்தவள் இப்படி மனதில் வைத்துக்கொள்ளலாமா என்று பின்னாளில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. அன்று என் மனதைக் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவை ஒரு பிடி குறையாமல் செய்தேன். அடுத்த வாரமும் என்னைத்தான் அனுப்பினார்கள். அப்போதும் வாசலிலேயேதான் நின்றேன்.